இரண்டு நூல் பிசகு

சித்தப்பாவின் பிக்கப்பின் பின்கண்ணாடியை உடைத்தது ஒரு சைக்கிள். நெடுந்தீவு இறங்குதுறையில் படகு வந்து நின்றால், இறங்குகிற சனத்தை ஊருக்குள் ஏற்றிப்போக அந்தக் காலத்தில் இரண்டு மூன்று வாகனங்கள்தான் நின்றன. அதில் ஒன்று எங்களுடையது. பின்பெட்டிக்கு மேல் தகரக் கூடு அடித்து, உள்ளே இரண்டு பக்கமும் சனம் இருக்க வாங்கு போட்டு, பின்னால் கண்ணாடி பதித்த கதவு வைத்திருந்தார் சித்தப்பா. பாண் விற்கிற அண்ணை ஒருவர் தன்னுடைய சைக்கிளும் கூட்டுக்குள் ஏறத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அது சோளகக் காற்று வீசுகிற காலம். பாதி ஏறிய சைக்கிளின்மேல் காற்று கதவை அடித்துச் சாத்த, ஹாண்டில் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. பாண்கார அண்ணையைக் குறை சொல்லவும் வழியில்லை. சைக்கிளைப் பின்னால் பிடித்துத் தள்ளிக்கொண்டு நின்றவர் சித்தப்பாதான்.

கண்ணாடி இல்லாத கூட்டில் ஏறினால் என்ன நடக்கும் என்பது எங்கள் ஊராருக்குத் தெரியும். ஒழுங்கைகள் முழுக்கக் கல்லும் சுண்ணாம்பும். வாகனம் ஓட ஓடப் புழுதி பின்னால் கிளம்பி, வெளியே போவதை விட்டுவிட்டு நேரே உள்ளுக்குத்தான் வரும். கறுத்த தலையோடு ஏறிய ரீச்சர்மார் பள்ளிக்கூட வாசலில் நரைத்த தலையோடு இறங்கினார்கள். இரண்டாம் நாள் அவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனார்கள்.

எங்கள் ஊரில் கண்ணாடி வெட்டுவார் இல்லை. கிட்டிய கடை வேலணையில். படகில் குறிகட்டுவான் போய், அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவைக் கடந்து போகவேண்டும். கதவைக் கழற்றிக்கொண்டு கடல் கடக்க முடியாதபடியால் சித்தப்பா மட்டையில் அச்சு வெட்டினார். வெளிநாட்டில் இருந்தவர்கள் யாரோ தாய்க்கு வாங்கிக் கொடுத்த பிறிஜ் வந்த பெட்டியின் மட்டை அது. கண்ணாடியைச் சுற்றி இருந்த ரப்பரை அந்த மட்டைக்குப் பூட்டி, கதவில் வைத்துப் பார்த்து, இறுகி நின்ற பிறகுதான் எடுத்துக்கொண்டார். ஆவணி விடுமுறை என்பதாலும், கண்ணாடியைப் பஸ்ஸில் பிடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதாலும் என்னையும் கூட்டிப்போனார்.

எனக்குப் பத்து வயது. கணக்கில் வகுப்பிலேயே முதலாம் பிள்ளை. அதைப் படகில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் சொல்லிவைக்கிற கெட்ட பழக்கம் ஒன்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு வா என்று அம்மா சொல்லித்தான் அனுப்புவா. நான் அதைப் படகு வெளிக்கிடும் வரைக்கும் கடைப்பிடிப்பேன்.

சித்தப்பா நேர் எதிர். முப்பத்துநாலு வயது, அளந்துதான் கதைப்பார். அவருக்கு இரண்டு இடத்தில் பெண் பேசி, இரண்டும் சரிவரவில்லை. இரண்டு வீட்டாரும் மாப்பிள்ளையில் பிழை சொல்லவில்லை, கடல் தாண்டிக் கொடுக்க ஏலாது என்று மட்டும் சொன்னார்கள். அதன் பிறகு வீட்டில் யாராவது கல்யாணப் பேச்சு எடுத்தால், 'என்னைத் தேடி ஆர் படகேறப் போகினம்' என்று சொல்லிவிட்டு வாகனத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். அதை அவர் கவலையோடு சொன்னதாக எனக்கு அப்போது படவில்லை. தீர்ந்துபோன விஷயத்தைச் சொல்கிற மாதிரித்தான் சொல்லுவார்.

வேலணைக் கடையில் படங்களுக்குச் சட்டம் போடுவார்கள், கண்ணாடியும் வெட்டுவார்கள். கடைக்கார ஐயாவுக்குச் சீனி வருத்தத்தால் கண் மங்கிவிட்டது. அவர் உள்ளறையில் இருந்து சட்டங்களுக்கு ஆணி அடிக்க, வெட்டுகிற வேலை முழுக்க மகள் பார்த்தா. இருபத்தேழு வயது இருக்கும். நான் அவவுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர் வைத்தேன். அவ வெட்டுகிறதைப் பார்க்க வேண்டும். கம்பை வைத்து, உருளுகிற சின்னச் சில்லுப் பூட்டிய கோலால் ஒரு இழுவை, கீழே ஒரு தட்டு. கண்ணாடி சொன்ன இடத்தில் பிரிந்து வரும். நாங்கள் நின்ற நேரத்துக்குள் ஒரு கோயிலுக்கு ஆறு படக் கண்ணாடி வெட்டினா. ஆறும் சட்டத்துக்குள் ஒரு சத்தமில்லாமல் போய் இருந்தன.

மட்டையைக் கொடுத்துவிட்டுச் சித்தப்பா சுவரில் இருந்த சரஸ்வதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்னோடுதான் கதைத்தா. நெடுந்தீவில் குதிரை நிற்பது உண்மையோ, படகு ஆடுமோ, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டோம் என்றெல்லாம் கேட்டா. பிறகு கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டே, "உங்கட வீட்டுப் பக்கம் கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்டா.

நான் உண்மையைச் சொல்லுகிற பிள்ளை. உப்பு, வாயில் வைக்க ஏலாது என்றேன். அதுவரை சரஸ்வதியோடு நின்ற சித்தப்பா சட்டென்று திரும்பி, மேற்குப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருக்கிறது, தான் வாகனத்தில் தினமும் எடுத்துவருகிறேன், ஒரு கரைச்சலும் இல்லை என்று விளக்கம் கொடுத்தார். அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. ஒரு கிணற்றுக்காக இந்த மனுசன் ஏன் இப்படி வாதாடுகிறார் என்று நினைத்தேன். பெண்பிள்ளைகள் எந்தச் சமயத்தில் தண்ணீரைப் பற்றி விசாரிப்பார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்.

கண்ணாடியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தோம். பூட்டுகிற விதம் இதுதான்: ரப்பரைக் கண்ணாடிக்குப் போட்டு, அதன் வெளிப்பக்கக் காடிப் பள்ளத்தில் சுற்றிவரக் கயிறு வைத்து, சவுக்காரத் தண்ணீர் பூசி, வெளியில் இருந்து ஒருவர் அமத்தவேண்டும். உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகரத்தைக் கவ்வும். கூட்டுக்குள் குந்தியிருந்து கயிறு இழுத்தது நான். கயிறு வந்தது, ரப்பர் கவ்வவில்லை. கண்ணாடி கொஞ்சம் பெரிது.

அடுத்த கிழமை அதைத் திரும்பக் கொண்டுபோனோம். அக்கா மட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடல் காற்றில் மட்டை ஊதிப் பெருத்திருக்கும் என்றா. சித்தப்பா உடனே ஓம் என்றார். எங்கள் சனத்திடம் உப்புக்காற்றைச் சாட்டி எதையும் சொல்லலாம். வானொலி இரைந்தால் உப்புக்காற்று, பூட்டு இறுகினால் உப்புக்காற்று. மட்டை ஊதுமா என்று ஒருவர் கேட்கமாட்டார். அக்கா ஓரத்தைச் சீவிக் கொடுத்தா. அன்றைக்குச் சித்தப்பா மடிப்புக் குலையாமல் மினுக்கிய சேர்ட் போட்டிருந்தார் என்பதையும், படகில் தண்ணீர் அடிக்கும்போது கண்ணாடியை விட்டுவிட்டுச் சேர்ட்டை மறைத்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

இந்த முறை கயிறு இழுத்ததும் கண்ணாடி கழன்று என் மடியில் வந்து விழுந்தது. சின்னதாகப் போய்விட்டது. சித்தப்பா கோபப்படவில்லை. பஸ் வெக்கையில் மட்டை காய்ந்து சுருங்கியிருக்கும் என்று அவரே சொன்னார். பிறகு, தனக்கு ஒரு அளவு ஒழுங்காக எடுக்கத் தெரியாது என்றும் சொன்னார். வீட்டிலும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அம்மா, இனிக் கதவையே தலையில் வைத்துக்கொண்டு போகச் சொன்னா.

எனக்கு அந்தச் சிரிப்புப் பொறுக்கவில்லை. மட்டை ஊதுவதும் சுருங்குவதும் கணக்குக்கு அடங்குகிற விஷயம்தானே. மூன்றாம் முறை போகும்போது அடிமட்டத்தைக் கொண்டுபோனேன். வீட்டில் அளந்தேன்: முப்பத்தெட்டரை அங்குலம். குறிகட்டுவானில் இறங்கி அளந்தேன். வேலணையில் பஸ்ஸால் இறங்கி, தெருவோரத்தில் மட்டையை விரித்து முழங்காலில் நின்று அளந்தேன். மூன்று இடத்திலும் முப்பத்தெட்டரை. கொப்பியில் குறித்துக்கொண்டேன். சித்தப்பா வேலிக்கரையில் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தபடியால் என்னைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கு ஐயா கடையின் முன்பக்கம் கதிரையில் இருந்தார். அக்கா மேசைக்குப் பின்னால் நின்றா. எங்களைக் கண்டதும் அவவுக்கு முகம் மலர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அந்த முகத்துக்கு நேரே போய், மேசையில் கண்ணாடியை வைத்து, அதன்மேல் மட்டையை வைத்து, கொப்பியை விரித்தேன். மட்டை ஊதவும் இல்லை, சுருங்கவும் இல்லை என்று ஆரம்பித்து, முதல் தரம் வெட்டியது கூட, சீவின பிறகு இது எவ்வளவு குறைய என்று வகுப்பில் விளக்குகிற மாதிரி விளக்கினேன். சித்தப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடுவேனா. ஐயாவைப் பார்த்துச் சொன்னேன்:

"ஐயா, அக்கா மற்ற ஆக்களுக்கெல்லாம் சரியாத்தான் வெட்டுறா. எங்களுக்கு மட்டும்தான் ரெண்டு தரமும் பிழை."

ஐயா எழும்பி வந்தார். கண் தெரியாதவர், பெருவிரலால் பார்த்தார். மட்டையின் ஓரத்தில் இருந்து கண்ணாடியின் ஓரத்துக்கு விரலை இறக்கினார், திரும்ப ஏற்றினார். கால் அங்குலம். "ரெண்டு நூல்," என்றார். அவர்களுடைய தொழிலில் அது பெரிய பிசகு. பிறகு மகள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். அக்கா குனிந்துகொண்டா. கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. பிழை பிடிபட்ட வெட்கம் என்று எனக்குச் சந்தோசம். சித்தப்பாவின் கை மட்டும் என் தோளிலேயே இருந்தது. இழுக்கிறதை மறந்துபோன கை.

ஐயா ஏசவில்லை. புதுக் கண்ணாடி எடுத்து வெட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். ஒரு இழுவை, ஒரு தட்டு. விரலால் தடவிப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. அதைத் தானே சாக்கில் சுற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்து, மிக மரியாதையாகச் சொன்னார்:

"தம்பி, இனிமேல் ஏதும் தேவையெண்டால் மட்டையை பஸ்ஸில குடுத்துவிடும். நீர் மினக்கெட்டு வரவேண்டாம்."

எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்தேன். எங்களுடைய படகுச் சிரமத்தை உணர்ந்த கடைக்காரர் வேலணையில் ஒருவராவது இருக்கிறாரே என்று வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தேன். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்லச் சொன்னா. சொன்னேன். அவ குசினிக்குள் போய்விட்டா.

கண்ணாடி அன்று பின்னேரமே பூட்டுப்பட்டது. கயிற்றை ஒரு சுற்று இழுத்ததும் ரப்பர் கவ்விக்கொண்டது. விடுமுறை முடிந்ததும் ரீச்சர்மார் திரும்பவும் கறுத்த தலையோடு பள்ளிக்கூடம் போனார்கள். அக்காவுக்கு அந்த நேரம் பிரான்சில் ஒரு இடத்தில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. தை மாதம் அவ போய்விட்டா என்று பஸ் கொண்டக்டர் வழியாகக் கேள்விப்பட்டோம். சித்தப்பா வேலணைக்குப் போகவே இல்லை. பஸ்ஸில் கொடுத்துவிடு என்றால் பஸ்ஸில் கொடுத்துவிடுகிற மனுசன் அவர். அவர் ஒருமுறை போயிருக்கலாம், அந்தக் கடைக் கதவடியில் போய் நின்றிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் ஆற்றாமை வரும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் ஒரு கண்ணாடி பிழையாய் வந்திருக்கும், இன்னும் ஒருமுறை போயிருப்போம் என்ற எண்ணமும் வரும். ஐந்து வருடம் கழித்து அவர் ஊருக்குள்ளேயே கலியாணம் செய்தார். சித்தி நல்லவ. அவர்கள் சந்தோசமாக இருக்கிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை.

ஆனால் அன்று திரும்பி வந்த படகைத்தான் நான் மறக்கவில்லை. சித்தப்பா கண்ணாடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கடல் வந்ததும் கேட்டார்:

"பிள்ளை, நீ வடிவாய் அளந்தனியோ?"

ஓம் என்றேன்.

"ரெண்டு தரமும் வெட்டினது பிழையோ?"

இரண்டு தரமும்தான் என்று கொப்பியை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அதில் இருந்ததெல்லாம் ஐந்தாறு இலக்கங்கள். எங்கள் இறங்குதுறை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, முதல் கேட்டதையே திரும்பக் கேட்டார். அப்ப மட்டையில் பிழை இல்லையோ, அவாதானோ, ரெண்டு தரமுமோ என்று. அவருடைய கண் கலங்கியிருந்தது. உப்புக்காற்று என்று நினைத்தேன்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அந்த அக்கா சொன்ன மட்டைக் கதையை ஒரு பேச்சில் நம்பியவர், வகுப்பில் முதலாம் பிள்ளை மூன்று இடத்தில் அளந்து சொன்னதை நம்பாமல் இருக்கிறாரே.

"அவாதான் பிழையாய் வெட்டினவா. வேணுமெண்டால் திரும்பிப் போய் அவாவிட்டையே கேளுங்கோ," என்றேன்.

சித்தப்பா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். படகைக் கட்டி, சனம் எல்லாம் எழும்பின பிறகும் அப்படியே இருந்தார். என் கணக்கில் அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை என்று கோபித்துக்கொண்டு, அவரை விட்டுவிட்டு நான் முன்னால் இறங்கிப் போனேன்.