பிலோக்கா படிச்ச கடைசி அத்தியாயம்

பிலோக்கா போயிட்டாங்க.

காலையில ராயபுரத்துல இருந்து போன். நான் உடனே நம்பல, நம்ம புத்தி அப்படி... இன்னும் ரெண்டு பேருக்கு போன் போட்டுக் கேட்டேன். நெசம்தான்.

பிலோமினா. எழுபதுகள்ல திருவொற்றியூர்ல ஒரு கம்பெனி, டப்பாவுக்கு லேபிள் ஒட்டுற செக்‌ஷன். அங்க என் பக்கத்து ஸ்டூல் அவங்க. நான் வியாசர்பாடி. என்னைவிட நாலஞ்சு வயசு பெரியவங்க.

எங்க டேபிள்ல எல்லாரும் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்குவோம். அதுல ஒரு ராஜா ராணி தொடர்கதை... பேசுற கழுகு, தீப்பிடிச்சு எரியுற குளம்னு ஒரே மாயாஜாலம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு டைம்ல பிலோக்கா சத்தமா படிப்பாங்க, நாங்க கேட்போம்.

ஒரு ரூல் உண்டு. பசைக் கையால புக்கை யாரும் தொடக்கூடாது.

பிலோக்கா மட்டும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வந்து பிரிப்பாங்க. முடிஞ்சதும் கதையைக் கிழிச்சு பைண்டிங் பண்ண வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதனால உள்ள என்ன அச்சாகியிருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது. எனக்கு இது ஆரம்பத்துல இருந்தே உறுத்தல்.

கதை இதுதான். நீலப்பாறைக் கோட்டை ராஜா செத்துட்டார், ஆண் பிள்ளை இல்ல. அவரோட கருங்கல் ஆசனத்துல யார் உக்காரப் போறாங்க? மூத்த பொண்ணு மாதங்கியா, தம்பி மகன் விடங்கனா?

செக்‌ஷனே ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு.

"ராஜா சாவவே இல்லடி. கழுகுக்குள்ள பூந்துகினு அல்லாத்தையும் பாத்துகினு கீறாரு." இது ரோசி.

பட்டம்மாவுக்கு வேற டவுட்டு. "அந்த விடங்கன் தம்பி புள்ளையே இல்ல. அவனுக்குக் கிளி மூக்குன்னு எய்திக்கிறான்... அந்த வம்சத்துல யாருக்குடி கிளி மூக்கு கீது?"

என் டவுட்டு கதை மேல இல்ல. படிக்கிறவங்க மேல.

மாதங்கி வந்தா பிலோக்கா நிறுத்தி நிதானமா படிப்பாங்க. விடங்கன் வந்தா எக்ஸ்பிரஸ் வேகம். வாராவாரம் மாதங்கி கைதான் ஓங்கிக்கிட்டே போச்சு.

"இன்னாக்கா, நீயா சேத்து வுட்றியா?"ன்னு ஒரு நாள் கேட்டுட்டேன்.

"போடி பேஜாரு. கீறததான் படிக்கிறேன்."

அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. அவங்க அப்பாவுக்கு ஹார்பர்ல வேலை. சர்வீஸ்ல இருக்கும்போதே இறந்துட்டார். வீட்டுல ஒருத்தருக்கு வாரிசு வேலை... பிலோக்காவுக்கா, தம்பி அந்தோணிக்கா? அம்மா யாரைக் கை காட்டுறாங்களோ அவங்களுக்கு.

நாங்க எல்லாருமே டெம்பரரி. இன்னைக்கு இருப்போம், நாளைக்கு கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்பா போனதுல இருந்து அந்த வீட்டு உலை கொதிச்சது அக்கா சம்பளத்துல. அந்தோணிக்குக் காலையில கேரம்போர்டு, சாயங்காலம் ஃபுட்பால்.

"வூட்ல அம்மாவுக்கும் இதப் படிச்சிக் காட்றேன்டி. மாதங்கின்னா அதுக்கு உசுரு"ன்னு அக்கா சொன்னப்போ முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குப் பொறி தட்டிச்சு. ஓஹோ... அம்மா மனசைக் கரைக்கத்தான் கதையைத் திருப்புறாங்களா? எங்களை வெச்சு ஒத்திகையா?

கடைசி அத்தியாயம் வந்த வாரம் அக்கா ரெண்டு நாள் லீவு. வெள்ளிக்கிழமை வந்தாங்க. கை கழுவினாங்க, பிரிச்சாங்க, ஒரே மூச்சுல படிச்சாங்க.

விடங்கன் ஆசனத்துல உக்காந்தான். கழுகு வாழ்த்துச்சு. மாதங்கி குனிஞ்சு கும்பிட்டா. முற்றும்.

பட்டம்மா கத்துனா பாருங்க... "எய்துனவன் கைல கெடச்சான், கீசிடுவேன்!"

எனக்கோ சப்புனு போச்சு. அட, அக்கா ஒழுங்காத்தான் படிச்சிருக்காங்க போல.

சங்கு ஊதுச்சு. அக்கா புக்கை டேபிள்லயே விட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. பைண்டிங்குக்கு எடுக்கல... மறுபடியும் சந்தேகம். ஓடிப்போய்க் கை கழுவிட்டு வந்து பிரிச்சேன்.

அரைப் பக்கத்துக்குப் படம். ஆசனத்துல கிரீடத்தோட மாதங்கி. கீழ விடங்கன் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறான்.

எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படிச்சேன். மாதங்கிதான்.

சாயங்காலம் கேட்ல பிடிச்சேன். "ஏன்க்கா மாத்திப் படிச்ச?"

"அம்மா கைநாட்டு வெச்சிட்ச்சிடி. அந்தோணிக்கு."

ஏனாம்னு கேட்டேன்.

"பொண்ணு இன்னொருத்தன் வூட்டுக்குப் போறவளாம். ஆம்பளப் புள்ளதான் கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்துவானாம்."

புக்கை நீட்டுனேன். வாங்கல.

"எய்துறவன் புளுகுறான்டி. நான் நடக்கறதப் படிச்சேன்."

அப்ப முன்னாடி வாரமெல்லாம்? அதையும் கேட்டேன், விடல.

"அதெல்லாம் அவன் எய்துனதுதான். ஒரு எய்த்து மாத்தல."

அன்னைக்கு அவங்க சொன்னதை நம்பினேன். அந்த வயசுல நான் ஒருத்தரை அப்படி முழுசா நம்பினது அபூர்வம்.

செக்‌ஷன்ல யார்கிட்டயும் சொல்லல. ரோசியும் பட்டம்மாவும் விடங்கன்தான் ராஜான்னு நம்பிக்கிட்டே போய்ச் சேர்ந்தாங்க.

பிலோக்கா கல்யாணம் பண்ணிக்கல. அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலைஞ்சது, கடைசியில வாயில கஞ்சி ஊத்துனது எல்லாம் அவங்கதான். எனக்கு இப்பவும் அந்த அம்மா மேல கோவம் வருது.

இப்பதான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட்டோ போன்ல வந்துச்சு. அக்கா படம், அக்கா பேரு. பேருக்குக் கீழ, "ஹார்பர் அந்தோணி அவர்களின் அன்புச் சகோதரி."

ஜூம் பண்ணிப் பாத்தேன். வேற எதுவும் போடல.

சாயங்காலம் எடுக்குறாங்களாம். வரேன்க்கா...