கோடு இல்லாத அணில்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மலாக்காவில் கோலா சுங்கை பாரு பஸ்ஸைப் பிடித்தேன். கட்டணம் எண்பது காசு. தூரம் இருபது மைலுக்குச் சற்று மேல். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம், வந்து நான்கு வருடமாகியும் போகிற வழியாக இல்லை. அந்தக் காலத்தில் என்னைப் போன்ற ஆபீஸ் குமாஸ்தாக்கள் லீவு போட்டால் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவார்கள். நான் வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு அணில் வேட்டைக்குப் போனேன்.

சுடுகிறவர் நானல்ல, என் அக்காள் கணவர். கடலோரத் தென்னந்தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. அணில்கள் இளநீரைக் குடைந்து தள்ளுகின்றன என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போலீசில் சொல்லி, மச்சான் பெயரில் சின்ன ரைபிள் ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தார். இப்போதோ தோட்டங்களில் உள்ள துப்பாக்கிகளைத் திரும்ப எடுக்கும்படி உத்தரவு. உண்மையாகவே பயன்படுவதை மட்டும் விட்டுவைப்பார்களாம். சனிக்கிழமை நண்பகல் போலீஸ் சார்ஜன் வருவார், அதற்குள் ஆறு அணில் வால் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் துப்பாக்கி போய்விடும். "கண் நல்லாத் தெரியுற ஆள் வேணும், உடனே வா" என்று மச்சான் கடிதம் போட்டிருந்தார்.

தஞ்சோங் கிளிங் தாண்டியதும் எல்லாரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். மறுபடி ஏறியபோது டிரைவர் என்னிடம், "எங்க தம்பி எறங்கணும்?" என்றார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அணில் கிராணி தோட்டமா? மொதல்லயே சொல்லக்கூடாதா லா. அவரு குறி பாத்தா, அணில் ஓடாது தம்பி. பக்கத்துல நிக்கிறவன்தான் ஓடுவான்."

பஸ் முழுக்கச் சிரித்தது. மச்சானின் புகழ் இருபது மைல் பரவியிருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஒன்பதேகாலுக்குத் தோட்டத்து கேட். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், அக்காவுக்காக நான் கொண்டுபோன பால் டின்கள் இரண்டையும் வாங்கி, ஆணி வைத்து மேலே டின்னுக்கொரு ஓட்டை போட்டுக் கொடுத்தான். முழு டின் காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதாம். கேட்டிலிருந்து வீடு அரை மைல். வீட்டை அடைந்தபோது பாலில் பாதி என் வெள்ளைக் கால்சட்டையில் இருந்தது, எறும்பும் வந்துவிட்டது.

மச்சான் வாசலில் ரைபிளோடு நின்றார். காக்கி அரைக்கால்சட்டை, முன்னே தள்ளிய தொந்தி, தோளில் துப்பாக்கி. கூலிகளின் லயத்தில் குடியிருந்து ரப்பர்ப் பால்மரம் வெட்டியவரின் மகன், படித்துக் கிராணி ஆனவர். கிராணியான அன்றுகூட யாரும் அவருக்காக எழுந்து நின்றதில்லை. ரைபிள் வந்த மறுநாளிலிருந்து துரை வீட்டுச் சமையல்காரன்கூட சலாம் வைத்தான். மாலை ஆறு மணிக்கு அதைத் துரையின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு வரும்போது, பிள்ளையை ஹாஸ்டலில் விட்டு வருகிறவர் முகம்போல இருக்கும் அவர் முகம். அக்காவை நீ, வா, போ என்பவர், துப்பாக்கியிடம் மட்டும் மரியாதை தவறமாட்டார்.

அக்காவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. பாலம் கட்ட மண் சுமந்த பிராணியை, ராமர் மூன்று விரலால் தடவிக்கொடுத்ததை, சுடுவதா என்று அழுதிருக்கிறாள். லயத்துப் பெண்களும் அவள் பக்கம். மச்சான் முதல் அணிலைச் சுட்டதும் அதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் புரட்டிக் காட்டினார். முதுகு வெறும் பழுப்பு, கோடே இல்லை.

"ராமரு இலங்கையோட திரும்பிட்டாரு. மலாயாவுக்கு வரவே இல்லை. வந்திருந்தா இதையும் தடவியிருப்பாருல்ல?" என்றாராம்.

லயமே இந்த வாதத்தை ஒப்புக்கொண்டது. கோடு இருந்தால் தொடக்கூடாது, இல்லாவிட்டால் சுடலாம் என்று அன்றே முடிவாயிற்று. வயிற்றுவலிக்காரனான நானும் அக்கா சுட்ட நான்கு தோசைகளோடு அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டேன்.

பகல் பதினொன்றுக்கு வேட்டை தொடங்கியது. துரை கொடுத்தது பத்துத் தோட்டா. ஒவ்வொன்றும் சுண்டுவிரலின் பாதிகூட இல்லை. என் வேலை மரத்தடியில் நின்று அணிலைக் காட்டுவது. மச்சான் குறி பார்க்கும்போது எந்தக் கண்ணை மூடுவது என்பதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. சில சமயம் இரண்டையும் மூடினார். இரண்டாவது தோட்டா குலைக்காம்பைத் துளைத்து, தேங்காய் ஒன்று என் காதோரமாக வந்து விழுந்தது. டிரைவர் சொன்னது சத்தியம்.

"நா ஒரு தடவ சுடட்டுமா மச்சான்?"

"லைசென்ஸ் எம் பேர்ல மாப்ளே. நீ தொட்டா ரெண்டு பேரும் உள்ள."

மாலை ஐந்தரைக்கு ஒன்பது தோட்டா தீர்ந்து, ஐந்து வால் தேறியிருந்தது. ஐந்தில் ஒன்று தானாகவே தவறி விழுந்த அணில் என்பது என் கருத்து. அதை நான் வெளியே சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை. கையில் ஒரு தோட்டா, தேவை ஒரு வால். சத்தத்தில் மிரண்டு தோப்பிலிருந்த அணில்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. தோட்டத்தின் பின் எல்லைக்கு நடந்தோம், ஒன்றேகால் மைல். அங்கே முள்கம்பி வேலி, அதற்கப்பால் காடு. வேலிக்கு இந்தப் பக்கம் பலாப்பழம் ஒன்று வெடித்துக் கிடந்தது. பதினொன்றேகாலுக்கு அதனருகில் ஓர் அணில் வந்து உட்கார்ந்தது. மரத்தில் ஏறுகிற வகை இல்லை. தரையிலேயே ஓடி வந்தது. இருபதடி தூரம்கூட இருக்காது. இரண்டு கண்ணையும் மூடிச் சுட்டாலும் படும்.

அது பலாச்சுளையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. முதுகில் கறுப்பாக மூன்று கோடுகள், தலை முதல் வால்வரை.

மச்சான் மண்டியிட்டுக் குறி பார்த்தார். "கோடு இருக்கா பாரு மாப்ளே. எனக்கு மங்கலாத் தெரியுது."

எனக்குத் துப்பாக்கி போய்விடக் கூடாது என்றிருந்தது. அவரை விட எனக்கே அந்தச் சமயம் ஆசை அதிகம். வாலில் கோடு இல்லை, வாலைத்தானே சார்ஜன் கேட்கிறார் என்று மனம் கணக்குப் போட்டது.

"இல்ல மச்சான். சுடுங்க."

அவர் விரல் விசையில் இருந்தது. அணில் நிதானமாகத் தின்றது. மச்சான் வெகுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"இருக்குடா" என்றார், அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவில்லை. கைதட்டி அணிலை விரட்டிவிட்டு எழுந்தார்.

வேறு அணில் தேடி வேலியோரம் ஓடினோம். ஒரு பல்லிகூடக் கண்ணில் படவில்லை.

நாங்கள் வீடு திரும்பியதும், சரியாகப் பன்னிரண்டுக்கு ஜீப் வந்தது. மலாய்க்கார சார்ஜன், கண்டிப்பானவர், ஆனால் நல்ல மனிதர். ஐந்து வாலையும் பார்த்துவிட்டு ஆறாவது எங்கே என்றார். மச்சான் பொய் சொல்லியிருக்கலாம். காகம் கொண்டுபோயிற்று என்றாலே போதும். அவரோ தமக்குத் தெரிந்த சந்தை மலாயில் ராமாயணம் சொல்லத் தொடங்கினார். கடல், பாலம், குரங்குகள், ஓர் அணில், ஒரு ராஜா, மூன்று விரல். சார்ஜன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"தீகா காரிஸ், துவான். தா போலே தேம்பாக்" என்று மச்சான் முடித்தார். மூன்று கோடு ஐயா, சுடக்கூடாது.

சார்ஜன் மெல்லத் தம் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே சார்ஜன் பதவிக்கு அடையாளமாக வெள்ளையாக மூன்று பட்டைகள்.

"சாயா பூன் தீகா!" எனக்கும் மூன்றுதான் என்று சொல்லிவிட்டு, தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார். மச்சானும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரைபிளையும் மிஞ்சிய தோட்டாவையும் வாங்கி ஜீப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். உத்தரவு உத்தரவுதான்.

இரண்டு மணிக்கு எனக்கு பஸ். சமைத்த உணவு கேட்டைத் தாண்டக்கூடாது என்பதால், அக்கா கட்டிக்கொடுக்க நினைத்ததையெல்லாம் என்னை உட்காரவைத்தே சாப்பிடச் சொன்னாள். அணில் கதையை அதற்குள் லயமே பேசிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே. கோட்ட யாரு பாத்தா?" என்று அக்கா மச்சானைக் கேட்டாள்.

மச்சான் சுவரோரம் நின்றிருந்தார். துப்பாக்கி இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டினார், பிறகு முன்னால் கட்டினார்.

"தம்பிதான் பாத்தான். அவன்தான் சுடாதீங்கன்னு தடுத்தான்."

அக்கா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். நான் நிமிராமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலாக்காவில் என் வீட்டுக்கூரையில் எலிகள்தான் உண்டு, அவற்றுக்குக் கோடும் கிடையாது, கதையும் கிடையாது. ஆபீசில் இந்தப் பயணத்தைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். சார்ஜன் தொப்பி விழும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அந்த மூன்று கோட்டையும் பார்த்துத் தடுத்தது நான்தான் என்றே இதுவரை சொல்லி வந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அப்படி எழுதக் கை வரவில்லை.