மருந்துக்காரர் வீட்டுச் சிலந்திகள்

ஆரணியில் மலேரியாவுக்கு மருந்து அடிக்கிற கூட்டத்தில் சம்பந்தம் சேர்ந்தது எழுபத்து நாலாம் வருஷம். நிரந்தர வேலை இல்லை. மழைக்காலத்தை ஒட்டி நாலைந்து மாதம் கூப்பிடுவார்கள், பிறகு அனுப்பிவிடுவார்கள். ஒருவர் வாளிக்குள் பம்பை நிறுத்தி அடிக்க, இன்னொருவர் நீளக் குழாயைப் பிடித்துச் சுவர் சுவராகத் தெளிப்பார். சம்பந்தத்துக்கு வாய்த்தது பம்பு. தறி வீடுகளில்தான் பெரும்பாடு. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் துளி பட்டால் பட்டு பாழாகிவிடும் என்று வாசலிலேயே மறிப்பார்கள். கெஞ்சி, போர்வை போட்டுத் தறியை மூடவைத்து, மருந்தடித்து, கதவில் தேதி எழுதிவிட்டு வெளியே வருவதற்குள் கையிரண்டும் மரத்துப் போயிருக்கும். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மருந்துக்காரர் என்பார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போய், மருதாணி வேலியோரம் கிடந்த துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிடுவார். வெள்ளை படிந்த சட்டையைக் கழற்றி அலசி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் பேச்சு வரும். அதுவரை மனைவி செல்லம்மாள் எதுவும் கேட்கமாட்டாள்.

மூன்றாம் வருஷம் புரட்டாசியில், அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சிலந்தியைப் பார்த்தார். முதுகில் மஞ்சள் பட்டை. எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, வலையின் நடுவில் தலைகீழாக நின்றது. வலையில் வெள்ளைவெளேரென்று நெளி நெளியாக ஒரு தடித்த இழை. தேடியதில் வேலியில் இன்னும் மூன்று கிடைத்தன. மறுநாளும் பார்த்தார். கிழிந்த வலையைத் தானே தின்றுவிட்டு, விடிவதற்குள் புதிதாகக் கட்டி வைத்திருந்தது. நாள் முழுக்கப் பார்த்த சுவர்களுக்கு நடுவே, யாரும் மருந்தடிக்கச் சொல்லாத இடம் அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

பத்து நாளில் நான்கும் போய்விட்டன. ஒன்றின் உடல் மட்டும் வலையில் காய்ந்து தொங்கியது. சம்பந்தம் குனிந்து பார்த்தார். வேலியின் அடியிலும் இலைகளின் கீழ்ப்பக்கத்திலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. தினமும் அவர் சட்டை அலசிக் கொட்டிய தண்ணீர்.

செல்லம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

"ஊரெல்லாம் கொன்னுட்டு வர்றீங்க. இங்க வந்து நாலு பூச்சிக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறீங்களே."



அடுத்த வருஷம் அவர் சட்டையை வீட்டில் அலசவில்லை. மிச்ச மருந்தைக் கொட்டுவதற்கென்று ஊருக்கு வெளியே வெட்டியிருந்த குழிக்குப் போய், அங்கேயே அலசி, ஈரத்தோடு போட்டுக்கொண்டு நடந்தார். ஏற்கெனவே விட்டுப்போன உடம்புக்கு அது இன்னும் அரை மணி நேர நடை. கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள். செல்லம்மாள் துணிக்கொடியை வேலியிலிருந்து அவிழ்த்து முருங்கை மரத்துப் பக்கம் கட்டினாள். மழை தொடங்கியதும் ஐந்து சிலந்திகள் வந்தன.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சிவப்பிரகாசத்தின் மகளுக்குக் கழுத்தில் கொப்புளம் வந்தது. தீப்பட்டதுபோல நீளமாகச் சிவந்து நீர் கோத்துவிட்டது. சிலந்தி மேலே போனால் இப்படித்தான் ஆகும் என்று தெருவே சொன்னது. சிவப்பிரகாசம் தறியைப் போட்டுவிட்டு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. எல்லார் வீட்டுக்கும் மருந்தடிக்கிறவர் தன் வேலிக்கு ஒரு வாளி அடித்துவிட்டால் என்ன என்று கேட்டார். இல்லாவிட்டால் தானே வைக்கோல் பற்றவைத்துக் கொளுத்திவிடுவதாகவும் சொன்னார்.

சம்பந்தம் அன்று நாற்பது வீடு முடித்துவிட்டு வந்திருந்தார். சிலந்தி அப்படிச் செய்யாது என்று விளக்கத் தொடங்கினால் விடிந்துவிடும். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, உங்கள் தறியை ஒருமுறை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

தறிக்கு மேலே, மகள் உட்காருகிற இடத்தில், விளக்கு தொங்கியது. அதன் நேர் கீழே குனிந்து தேடினார். எறும்பைப்போல நீளமாக, சிவப்பும் கறுப்புமாக மூன்று பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மழைக்காலத்தில் தறி வீடுகளின் விளக்கடியில் அவர் தினமும் பார்க்கிற பூச்சிதான். ஒன்றைக் காகிதத்தில் ஏந்தித் தன் முன்கையில் விட்டு, கட்டைவிரலால் நசுக்கித் தேய்த்தார். சிவப்பிரகாசம் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"ரெண்டு நாள் பொறுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு சம்பந்தம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மாலைக்குள் கை சிவந்தது. அதற்கடுத்த நாள், அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்ததைப் போலவே கொப்புளம் வரிசையாக எழும்பியது. பம்பு அடிக்கிற வலது கை அது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார், ஒவ்வொரு அடிக்கும் உயிர் போனது. சாயங்காலம் சிவப்பிரகாசமே வந்து கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா, வாயால சொன்னா கேட்டிருக்க மாட்டனா?"

"கேட்டிருக்க மாட்டீங்கண்ணா. எனக்கும் பேசறதுக்குத் தெம்பு இல்ல."

சிவப்பிரகாசம் வைக்கோல் பேச்சை எடுக்கவில்லை. அந்த வாரமே விளக்கைத் தறிக்கு மேலிருந்து கழற்றிச் சுவரோரம் மாட்டினார். நாலு பேரிடம் விஷயத்தைச் சொல்லியும் வைத்தார். அந்தத் தெருவில் ஒன்றிரண்டு வீடுகளில் சிலந்தியைக் கண்டதும் விளக்குமாற்றை எடுப்பது நின்றது. மற்ற வீடுகளில் நிற்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத்தோடு மருந்தடிக்கக் கூப்பிடுவதும் நின்றுபோனது. சம்பந்தத்துக்கு இருமல் பிடித்திருந்தது. அரிசி மில்லில் மூட்டை தைக்கப் போனார். இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்காரர் கக்கூஸ் கட்ட வேலியை வெட்டச் சொன்னார். வாடகைக்குக் குடியிருப்பவர் மறுக்க முடியுமா? வெட்டுவதற்கு முந்தின நாள், சிலந்திகளின் முட்டைப் பைகள் ஒட்டியிருந்த மூன்று குச்சிகளை முறித்தெடுத்து, மில்லின் பின்புறம் தவிட்டுக் கிடங்கையொட்டி இருந்த நந்தியாவட்டைச் செடியில் கட்டி வைத்தார். ஒரு பை காய்ந்துவிட்டது. இரண்டிலிருந்து கடுகைவிடச் சிறிய குஞ்சுகள் வந்தன. வந்த வேகத்தில் காற்று பெரும்பாலானவற்றை எங்கோ கொண்டுபோனது.

ஐப்பசி மழையில் தவிட்டுக்கு வருகிற அந்துப்பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு பெரிய வலை நின்றது. சாப்பிடும்போது செல்லம்மாளிடம் சொன்னார்.

"ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான்."

அவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். அவர் அதைக் குடித்துவிட்டு, கை கழுவி, பாயை விரித்துப் படுத்துவிட்டார்.