ஸ்டியரிங்கைத் தொட்டால் கீச்!

எங்கள் தொழிலில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பவன்தான் கெட்டிக்காரன். தானாக ஓடும் காரைச் சோதித்துப் பார்க்கும் சென்னைக் கம்பெனியில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். மெஷினை நம்பிப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்! சித்திரை முடிவதற்குள் ஒரே ஒரு தடவையாவது, நான் கை வைக்காமல் கார் எங்கள் ஊரிலிருந்து பாபநாசம் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் சென்னைக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள், நானும் பழையபடி வாடகைக் கார் ஓட்ட வேண்டியதுதான்.

பாதி ரோட்டில் நெல்

தை மாசம். பாதி ரோட்டில் நெல் காய்கிறது, ஓரத்தில் காவலுக்குக் கல் வரிசை. நாமாக இருந்தால் ஒதுங்கிப் போய்விடுவோம். கார் பிரேக் போட்டு நின்றது, நின்றதுதான். பின்சீட்டில் இன்ஜினியர் ஸ்டெல்லா லேப்டாப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சரி, நாமே ஓட்டுவோம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நெல்லுக்காரர் ராஜேந்திரன் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"எடுத்துடாதீங்க சார்! இது நிக்கிறதாலதான் லாரிக்காரன் நெல்லு மேல ஏறாம போறான். வெயில் தாழ்ற வரைக்கும் இருக்கட்டும்!"

வளைகிற பேட்டரி

அப்புறம் நெல்லைக் கண்டால் ஒதுங்கிப் போகக் கார் கற்றுக்கொண்டது. ஆனால் நான் திருட்டுத்தனமாகக் கை வைத்துவிடுவேனோ என்று சென்னைக்காரர்களுக்குச் சந்தேகம். ஸ்டியரிங் முழுக்க ஒரு பட்டையைச் சுற்றினார்கள். அதற்குள்ளேயே பேட்டரி, அது வளைகிறது! விரல் பட்டால் கீச் என்று கத்தும். மிச்சத் துண்டை ஸ்டெல்லா டீக்கடையில் வெற்றிலை மாதிரி மடித்துக் காட்டினார். மடித்தபடியே குட்டி விளக்கு எரிந்ததே, அடடா! கடையே எழுந்து வந்துவிட்டது. ராஜேந்திரன் அதை வாங்கி முழங்கையில் சுற்றிப் பார்த்தார்.

"இதை என் போர்செட்டு மோட்டாருக்கு நாலு சுத்து சுத்திக் குடுங்கம்மா. மும்முனை கரண்டு எப்ப வரும்னு காத்துக் கிடக்க முடியல."

ஏறணுமா, ஒதுங்கணுமா?

சித்திரை பிறந்தது. உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோடு முழுக்கப் பரப்பிவிட்டார்கள். வண்டி ஏறினால்தான் காய் உடைந்து உளுந்து கொட்டும். காருக்கு இது எப்படித் தெரியும்? இரண்டு தடவை நின்றது, நான் தொட்டேன், கீச். ஸ்டெல்லா ஒரு வாரம் ரோடு ரோடாக உளுந்தைப் படம் பிடித்துக் காருக்குக் கற்றுக்கொடுத்தார்.

சித்திரையின் கடைசி நாள். "இன்னைக்கும் நின்னா அவ்வளவுதான் அண்ணே" என்றார் ஸ்டெல்லா. உளுந்து வந்தது, வேகம் குறைந்தது. கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். கார் மெதுவாக வந்து, சடசடவென்று ஏறிப் போயே போய்விட்டது! நானும் ஸ்டெல்லாவும் போட்ட கூச்சலில் வயலில் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. பாபநாசம் வரை ஒரு கீச் இல்லை.

திரும்பும்போதும் அதே உளுந்தில் தானாகவே ஏறியது. தாண்டியதும் உளுந்துக்குச் சொந்தக்காரரான லூர்துமேரி அக்கா கையைக் காட்ட, கார் தானாகவே நின்றது. தொடைக்கு அடியில் இருந்த என் கைகளை எட்டிப் பார்த்தார்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க? இறங்கி முறத்தைப் பிடிங்க, அது பாட்டுக்கு இன்னும் நாலு நடை போய் வரட்டும்!"

வேலை நிலைத்துவிட்டது சகோதரர்களே, ஆனால் ஓட்டாமல் இருக்கச் சம்பளம் வாங்கும் எனக்கு அன்று உளுந்து புடைத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.