பெரெண்டின் இரண்டு பெயர்கள்

வெஸ்லிங் பண்ணையின் மூன்றாவது மகன் பெரெண்ட், கோர்ட்மன் பண்ணையின் விதவை அல்ஹைட்டைக் கட்டிக்கொண்ட அன்றே பெரெண்ட் கோர்ட்மன் ஆகிவிட்டான். வெஸ்ட்ஃபாலியாவின் அந்தப் பக்கத்தில் பெயர் வீட்டோடு சேர்ந்தது. எந்தக் காலத்திலோ ஒரு குட்டை மனிதன் காட்டை வெட்டி அங்கே அடுப்பு மூட்டினானாம். கோர்ட்மன், அதாவது குட்டையன் என்ற அவனுடைய பட்டப்பெயர் கூரைக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அந்தக் கூரைக்குள் வந்தவனெல்லாம், பெரெண்டைப் போல ஆறடி இருந்தாலும், கோர்ட்மன்தான்.

அக்கா கெஷெவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தேவாலயத்தில் கோர்ட்மன் குடும்பத்துக்கான முன்வரிசை பெஞ்சில் தம்பி உட்காருவதைப் பார்க்கவே சீக்கிரம் போய்விடுவாள்.

"செத்தவன் கால்சட்டை சரியா இருக்கா மாப்பிள்ளை?" என்று ஆண்கள் சீண்டுவார்கள்.

"இடுப்புலதான் கொஞ்சம் தொளதொளப்பு. தின்னு சரி பண்ணிக்கிறேன்" என்பான் பெரெண்ட்.

அல்ஹைட்டின் முதல் புருஷனுடைய மகன் ஹின்ரிக் ஆளாகும்வரை பண்ணை பெரெண்டின் பொறுப்பு. வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வயலாக்கினான். ஹின்ரிக்குக்குக் கல்யாணம் ஆனதும், வழக்கப்படி மனைவியோடு முற்றத்தின் மறுபக்கத்துச் சிறிய வீட்டுக்கு ஒதுங்கினான். அல்ஹைட் அங்கேதான் செத்தாள். அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி பெரெண்டைப் படுக்க வைத்தது. அவனுக்கு ஒரே ஆசை, அவள் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும். கல்லறை இடமும் பண்ணைக்குச் சொந்தம் என்பதால் ஹின்ரிக் சம்மதிக்க வேண்டும்.

"நீயே போய்க் கேளுக்கா."

ஹின்ரிக் பன்றித் தொடையை வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி நிற்கவில்லை.

"புது அரசாங்கம் என்ன சொல்லுது அத்தை? அப்பன் பேருதான் புள்ளைக்குப் பேராம். அப்ப அவரு வெஸ்லிங். கோர்ட்மன் குழியில வெஸ்லிங்குக்கு என்ன வேலை?"

"உன்னத் தோள்ல தூக்கி வளத்தவன்டா!"

"சோறு போட்டோம்ல?"

கெஷெ பிறந்த வீட்டுக்கு நடந்தாள். அண்ணன் மகன் லுட்கர் அவளை உள்ளேகூட அழைக்கவில்லை.

"என் தம்பி இனிமே வெஸ்லிங் இல்ல, கோர்ட்மன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதானே அத்தை? அங்கேயே புதைக்கச் சொல்லுங்க."

தன் புருஷன் வீட்டில் அவள் கேட்கவில்லை. அவர்கள் கல்லறையில் மிச்சம் இருந்தது ஓர் இடம், அது அவளுக்கு.

பெரெண்ட் விழித்தே கிடந்தான். "என்ன சொன்னான்?"

"சரின்னுட்டான். அவ பக்கத்துலயே."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

பெரெண்ட் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, துணியில் ரத்தம் வந்தது.

"அவ குழிய வெட்டினதே நான்தான்க்கா. கால்மாட்டுலதான் இடம் இருக்கு. இடது பக்கம் அவ மொத புருஷன். வலது பக்கம் மதில். கல்லுக்குள்ளயா என்னைப் புதைப்பாங்க?"

கெஷெ அந்தத் துணியை வாங்கி மடித்தாள்.

"எங்கேன்னு சொல்லு."

"வடக்கு மூலையில."

"ஊர் பேர் தெரியாத பொணத்தோடயா?"

"ஆமா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்குப் பிறகு அவளை அக்கா என்று கூப்பிடவே இல்லை.

வடக்கு மூலை பள்ளம். குழியில் தண்ணீர் ஊறியிருந்ததால் பெட்டி மிதந்தது. ஆட்கள் மண்வெட்டிக் காம்பால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மேலே மண்ணைத் தள்ளினார்கள்.