மல்லிகா கல்யாணத்துக்கு வாங்கிய மதர்போர்டு

போன வாரம் என் அண்ணன் மகன் புது மதர்போர்டு ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையிலேயே பிரித்தான். அந்த உறையைக் கிழித்ததும் ஒரு வாசம் வருமே, புது ரப்பர் செருப்பும் சூடான இஸ்திரிப் பெட்டியும் கலந்த மாதிரி, அது மூக்கில் ஏறியதுமே நான் ஜமுனாமரத்தூருக்குப் போய்விட்டேன். பையன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைய சாம்பாருக்கு உப்பு போட்டேனா என்று இப்போதும் தெரியாது.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், நானும் ஸ்டெல்லாவும் வீடியோ மிக்ஸிங் கடை வைத்திருந்தோம். போளூரில் ஒன்றாகக் கம்ப்யூட்டர் படித்தவர்கள் நாங்கள். படித்தது அவள்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் கேமராவோடு போவது நான். எடுத்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்து டிவிடியாக்குவது அவள்.

எங்கள் கம்ப்யூட்டர் பொறுமைசாலி. ஒரு கல்யாணத்தை முடிக்கச் சொன்னால் பாதியில் அப்படியே உறைந்து நின்றுவிடும். மலையில் இருக்கிற பலர் கல்யாணமான கையோடு குடகு காபித் தோட்ட வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் டிவிடி தராவிட்டால் பிறகு யாரிடம் தருவது? இரண்டு பேர் ஏற்கெனவே எங்களை விட்டுத் திருப்பத்தூர் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் மல்லிகா வந்தாள். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில், மலைக்கு அந்தப் பக்கம். ரோடு கிடையாது, நடந்துதான் போக வேண்டும். அவள் அம்மா பச்சையம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். மகள் கல்யாணத்துக்கு அவர் போக முடியாது.

“ஞாயித்துக்கெழம சாய்ந்தரம் குடகுக்கு வேன் ஏறிடுவோம்க்கா. அதுக்குள்ள அம்மா பக்கத்துல குந்தினு ஒரு வாட்டி பாத்துடணும்” என்றாள்.

ஸ்டெல்லா சரி என்று சொல்லிவிட்டாள். நான் காலண்டரில் நாட்களை எண்ணினேன்.

ஸ்டெல்லாவிடம் ஒரு திட்டம் இருந்தது. பெங்களூரில் இருந்த அவள் அண்ணன் தன் பழைய பிராசசரைக் கொடுத்திருந்தான். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடிய ரகம் அது. ஓவர்கிளாக் என்பார்கள். ஆனால் அதைப் பொருத்துகிற எங்கள் மதர்போர்டு வேகம் கூட்ட இடம் தரவில்லை. இடம் தருகிற போர்டாகத் தேடிச் சென்னைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் சிவப்பும் நீலமுமாய் விளக்குகள் ஓடின. நான் அதன் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை, எங்கள் கடைக்கே ஒரு களை வந்துவிடும் என்று. ஸ்டெல்லா இன்னொன்றைத் தூக்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிராசசருக்கு மின்சாரம் போகிற இடத்தைச் சுற்றி அதில் கனமான அலுமினியத் தகடுகள் இருந்தன. வேகம் கூட்டினால் முதலில் கொதிப்பது அந்த இடம்தான் என்றும், விளக்குப் போர்டில் அங்கே ஒன்றுமே இல்லை என்றும் எனக்குச் சொன்னாள். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கிற பயாஸ் பக்கத்தில் வோல்டேஜை நாமே மாற்றலாமா என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்து, மாற்றலாம் என்றார்.

“வெளக்கு வேணும்னா தனியா வாங்கித் தொங்கவுட்டுக்கடி” என்றாள் என்னிடம்.

பஸ் மலையேறுகிற வளைவுகளில் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். முன்சீட்டு அம்மா, உள்ளே கோழிக்குஞ்சா என்று கேட்டார்.

கல்யாணம் முடிந்து நான் படம் எடுத்து வந்தபோது ஸ்டெல்லா வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்து, நின்று போகாத ஓர் அளவில் வைத்திருந்தாள். அதற்கு மேலும் போகும், ஆனால் மலை கரண்டை நம்ப முடியாது என்றாள். சனிக்கிழமையே டிவிடி தயார். எங்கள் சரித்திரத்தில் முதல்முறை.

ஞாயிறு காலை நாங்களே மல்லிகா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். பச்சையம்மாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து, மல்லிகா ஒட்டி உட்கார்ந்தாள். ஊர்வலம், தாலி, மாலை, எல்லாம் ஓடியது. அந்த அம்மா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

“புள்ள சோறு துன்னத எங்கம்மா காணோம்?”

சாப்பிடுவதை யார் வைப்பார்கள் என்று நாங்கள் மொத்தமாக வெட்டியிருந்தோம்.

“காலைலேர்ந்து பட்டினியா இருந்திருப்பா. துன்னாம எலய தள்ளிட்டாளான்னு பாக்கணும்” என்றார். மகள் சாப்பிட்டேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. சொல்கிறவள் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். “வேனு கெளம்பறதுக்குள்ள கொண்டாறேம்மா” என்றாள்.

கடைக்கு வந்ததும் நேராகப் பயாஸுக்குள் போய், மலை கரண்டை நம்பி ஏற்ற முடியாது என்றாளே, அந்த வேகத்துக்கு ஏற்றினாள். நான் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேஜை ஃபேனைத் திருப்பி வைத்தேன். அது போதாதென்று காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டும் இருந்தேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒருமுறை கரண்ட் போய் யுபிஎஸ் கத்தியபோது ஸ்டெல்லா வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டாள். போர்டு அசையவில்லை. அந்தத் தகடுகளைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது.

நாங்கள் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது மல்லிகா மூட்டை கட்டி முடித்திருந்தாள். டிவிடி ஓடியது. பந்தியில் மாப்பிள்ளையின் அக்கா இன்னொரு கரண்டி சோறு போட வருகிறாள், மல்லிகா கையால் இலையை மறைக்கிறாள், அவள் விடாமல் போடுகிறாள், இவளும் சாப்பிடுகிறாள்.

“வெக்கப்பட்டுக்கினே துன்றா பாரு” என்றார் பச்சையம்மா. மகள் முந்தானையைப் பிடித்திருந்த கையை அதற்குப் பிறகுதான் விட்டார். “போய்ட்டு வா.”

இன்று அந்தக் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். ஸ்டெல்லா கனடாவில் இருக்கிறாள். கல்யாண வீடியோ தாலி ஏறும்போதே எல்லார் போனுக்கும் போய்விடுகிறது. யாருக்காகவும் யாரும் கம்ப்யூட்டருக்கு விசிறுவதில்லை.

பச்சையம்மா இறந்த பிறகு மல்லிகா குடகிலிருந்து பேசினாள். அம்மா படம் என்று ஆதார் கார்டில் இருப்பது மட்டும்தான், அதில் அம்மா மாதிரியே இல்லை என்றாள். “நீங்க எடுத்ததுல எங்கனா அம்மா இருக்காங்களாக்கா?” என்று கேட்டாள். பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடியெடுத்து, வெட்டியது வெட்டாதது எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். மேளக்காரர்கள் இருக்கிறார்கள், பந்தி பரிமாறியவர்கள் இருக்கிறார்கள், பாதி ஊர் இருக்கிறது. அந்த அம்மா அன்றைக்கு வீட்டில் படுத்திருந்தார்.