ராக்கெட் அக்கா போட்டிருந்த உடுப்பு

எங்கள் பகுதியில் ஒரு பெண்மணி விண்வெளிக்குப் போய்வந்தவர் என்று முடிவெட்டும் கடையில் சொன்னார்கள். அங்கே சொல்லும் எதையும் நான் உடனே நம்புவதில்லை. இரண்டாவது கடையிலும் கேட்ட பிறகுதான் நம்புவேன். சலவைக் கடையிலும் அதையே சொன்னார்கள். விண்வெளி உடுப்போடு அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியதைப் பார்த்த சாட்சியே இருக்கிறதாம். ராக்கெட் அக்கா என்ற பெயரும் நிலைத்துவிட்டது. தெருவிளக்கு மாற்ற ஏணி கிடைக்காத ஊருக்கு ராக்கெட் மட்டும் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்கப் போனேன். வக்கீல்களும் கணக்கர்களும் நிறைந்த ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் அக்கா லிஃப்ட் இயக்குகிறார். முக்காலியில் உட்கார்ந்தபடியே விரலால் பொத்தானை அழுத்தினார்.

“எட்டாவது மாடிக்கு மேல நான் போனதில்ல தம்பி. அதுக்கு மேல தண்ணித் தொட்டிதான்.”

ஆனால் உடுப்பு உண்மை. கதவு திறந்து மூடிய இடைவெளிகளில் மீதிக் கதை வந்தது.

மகள் பிறந்த மத்தியானம் அது. சின்ன மருத்துவமனை. குழந்தை நல்லபடியாகப் பிறந்து, ஊரைக் கூட்டி அழுதது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. மருந்து கொடுத்தும் பலனில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடுவில் எப்போதும் நெரிசலான பாலம். நர்ஸ் அலமாரியிலிருந்து ஒரு தடித்த கறுப்பு உடுப்பை எடுத்து, கணுக்காலில் தொடங்கி வயிறுவரை ஒட்டுப்பட்டைகளை இழுத்து இழுத்து ஒட்டினார். சொருகிக்கொண்டிருந்த கண் மெல்லத் திறந்தது.

அந்த உடுப்புக்கு ஒரு வம்சம் உண்டு. போர் விமானம் சடாரென்று திரும்பினால் ரத்தம் காலுக்கு இறங்கி விமானிக்கு மயக்கம் வரும். அதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் நெருக்கிப் பிடிக்கும் உடுப்பு தைத்தார்கள். விண்வெளியிலிருந்து தரைக்குத் திரும்புகிறவர்களுக்கும் அதே வைத்தியம்தான். அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிதான், காலில் இருக்கும் ரத்தத்தை நெஞ்சுக்கும் தலைக்கும் தள்ளிவிட, பிரசவ வார்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இனி மாப்பிள்ளை. அக்காவின் கணவர் பெண்களுக்குத் துணி தைப்பவர். ‘இறுக்குது’ என்று யார் சொன்னாலும் அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: பிரித்துவிடுவது. ஆம்புலன்ஸில் மனைவி வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தையும் அதுவே. “இறுக்குதுங்க.” தொழில் பழக்கம், கை தானாகப் போனது. வயிற்றுப் பட்டை சர்ரென்று பாதி பிரிந்தது. மனைவியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

கூடவே வந்த நர்ஸ் அவர் கையில் ஓங்கி ஒன்று வைத்தார். மறு கையால் பட்டையை இழுத்து ஒட்டினார்.

“விடுங்க அதை. அது இறுக்கமா இருக்கிறதாலதான் உங்க சம்சாரம் இருக்காங்க.”

பிறகு மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். தையல்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பாலத்தில் வண்டி நின்றது, ஊர்ந்தது, மறுபடி நின்றது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, கசிவை நிறுத்திய பிறகுதான் உடுப்பைக் கழற்றினார்கள், அதுவும் காலிலிருந்து, பதமாக. அதைக் கழுவி இன்னொருத்திக்காக அலமாரிக்கே அனுப்பிவிட்டார்கள்.

“யார் பெத்த பிள்ளைங்களோ, மேல பறந்து மயங்கி விழுந்திருக்காங்க. அந்தப் புண்ணியத்துல நான் எந்திரிச்சு உட்கார்ந்தேன்,” என்றார் அக்கா. அதற்குள் ஒரு வக்கீல் ஏறி, ஐந்தாவது மாடி என்றார்.

தையல்காரரையும் பார்த்தேன். அந்த அடி மட்டும் விழாமல் இருந்திருந்தால் இன்றைக்கு மகளுக்கு நான்தான் சடை பின்னிக்கொண்டிருப்பேன் என்றார். சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

நன்றிக்கு நர்ஸுக்கு ஒரு கவுன் தைத்துத் தருவதாக அப்போதே வாக்குக் கொடுத்திருக்கிறார். நர்ஸும் துணி கொண்டுவந்து கொடுத்து, அளவும் கொடுத்துவிட்டார். இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். துணி இன்னும் அவர் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அந்தம்மா துணியில் கத்தரி வைக்கக் கை வரவில்லையாம், எந்த மாதிரியும் போதாது போலத் தோன்றுகிறதாம்.

நர்ஸிடம் விசாரித்தேன். “உயிரு அன்னிக்கே திரும்பி வந்துடுச்சு. துணிதான் வரல,” என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை கட்டாயம் என்று தையல்காரர் என்னிடம் சொல்லியனுப்பினார். எந்த வெள்ளிக்கிழமை என்று அவரும் சொல்லவில்லை, நர்ஸும் கேட்கவில்லை.